கூட்டமில்லாத வெயில்

ஐஸ்கிரீம் கம்பெனியில் அவளுக்கு ஃப்ரீசரக்கா என்று பேர். சூப்பர்வைசரிலிருந்து லாரி டிரைவர் வரை எல்லாருக்கும் அதே பேர்தான் வாயில் வரும். சரக்கை அடுக்கி வைக்கும் குளிரறைதான் அவளுடைய ராஜ்யம். காலையில் வந்ததும் இரட்டைச் சட்டை, அதற்கு மேல் மெத்தை மாதிரி தடித்த கோட்டு, காதை மூடும் குல்லாய், முழங்கால் வரை பூட்ஸ், ஒன்றின் மேல் ஒன்றாகக் கையுறை என்று மாட்டிக்கொண்டு அவள் உள்ளே போனால் கரடி ஒன்று வேலைக்குப் போவது மாதிரி இருக்கும். உள்ளே பேசினால் வாயிலிருந்து புகை வரும். கண் இமையில் பொடிப் பனி உட்காரும். எந்த அடுக்கில் எந்தப் பெட்டி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். கல்யாணம் ஆன மறு வருஷம் அந்த வேலைக்குப் போனவள், இன்று மகள் கல்லூரியில் படிக்கிறாள், இன்னமும் அதே கதவைத்தான் இழுத்துத் திறக்கிறாள்.

உடம்பு பழகிவிட்டது. விரல்கள்தான் பழகவில்லை. குளிர்காலத்தில் வீட்டுக்கு வந்த பிறகும் நுனியெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து, மரத்துப்போய்க் கிடக்கும். சட்டைப் பொத்தான் போட மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. கம்பெனி டாக்டர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருந்து எழுதித் தரேன். ஆனா மருந்தைவிட உங்களுக்கு வெயில்தான் வேணும். லீவு வருதில்ல, எங்கயாவது சூடான ஊருக்குப் போயிட்டு வாங்கம்மா."

லீவு வரத்தான் போகிறது. ஊர் உலகமெல்லாம் விடுமுறைக்குக் கிளம்பும் கோடையில் ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. குளிர்காலத்தில்தான் மெஷின்களைப் பிரித்துக் கழுவுவதற்காகக் கம்பெனியை மூடுவார்கள். அந்த நாட்களில் குடும்பமாக எங்காவது போவது வழக்கம். ஆனால் எங்கே போவது என்பதை முடிவு செய்வது அவளுடைய வேலை இல்லை. அது மாடியில் குடியிருக்கும் பெரியவருடைய வேலை.

பெரியவர் என்றால் அவள் கணவரின் அண்ணன். டெலிபோன் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர், தம்பி குடும்பத்தை விட்டுவிட்டு எங்கேயும் போகமாட்டார். அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. பேர் போன இடத்துக்குத்தான் போக வேண்டும். "போயிட்டு வந்தா நாலு பேர் கேட்டா சொல்றதுக்கு இருக்கணும்" என்பார். பேர் போன இடத்தில் அந்த நாலு பேரும், அவர்களோடு இன்னும் நாலாயிரம் பேரும் ஏற்கெனவே வந்து நிற்பார்கள். ஒரு தடவை அருவி பார்க்கப் போனார்கள். அருவி என்றதும் அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம் வருவது, வரிசையில் தனக்கு முன்னால் நின்ற ஆளின் பிடரியில் இருந்த மச்சம்தான். இன்னொரு தடவை சூரிய உதயம். நூறு கைகள் போனைத் தூக்கிப் பிடித்திருக்க, யாரோ ஒருவருடைய அக்குளுக்குக் கீழே சூரியன் உதித்தது.

அந்தப் பயணங்களில் அவள் கணவருக்கு ஒரே உத்தியோகம், பை காவல். பஸ் டெப்போவில் மெக்கானிக் அவர். எட்டு வார்த்தையில் சொல்ல வேண்டியதை இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். அண்ணன் எதைச் சொன்னாலும் "சரிண்ணே" என்பார். எல்லாருடைய பைகளையும் காலுக்கு நடுவில் அணைத்துக்கொண்டு ஏதாவது ஒரு தூணோரம் நிற்பார். போன இடத்தையெல்லாம் அவர் தூணோரத்தில் இருந்துதான் பார்த்திருக்கிறார்.

இந்த வருஷமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் மாடியில் கூடினார்கள். பெரியவரின் மனைவி, இவள் அக்கா என்று கூப்பிடும் ஓரகத்தி, டீ கொண்டுவந்து வைத்தாள். பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"இந்தத் தடவை சும்மா அசத்தப் போறோம். பனிமலை! பஸ் பேசியாச்சு. சுத்திலும் பனி, கால் வெச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போகுமாம்."

டீ டம்ளரை விரல்களால் அணைத்துப் பிடித்து உட்கார்ந்திருந்த அவள் தலையைத் தூக்கினாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு, இத்தனை வருஷமாக எங்கே ஒளிந்திருந்ததோ தெரியாத ஒரு குரல் வெளியே வந்தது.

"மாமா, நான் வரல."

அக்கா டீ வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"வருஷம் முழுக்க நான் பனிக்குள்ளதான் நிக்கிறேன் மாமா. இப்ப லீவுலயும் பஸ் ஏறிப் போய், கூட்டத்துல இடிபட்டு, மறுபடியும் பனியில நிக்கணுமா? என் ஃப்ரீசருக்கு வாங்க, நான் சும்மாவே காட்டறேன்."

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியவருக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. வீட்டு மேஜை எழுந்து பேசியிருந்தால்கூட அவர் அவ்வளவு திகைத்திருக்க மாட்டார்.

"சரிம்மா, அப்ப நீயே ஒரு இடம் சொல்லு. எங்க போகலாம்?"

"வெயில் இருக்கணும். கூட்டம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல இடம்னா ஆள் இருப்பாங்கம்மா. ஆளே இல்லன்னா அங்க ஏதோ கோளாறுன்னு அர்த்தம்."

"அந்தக் கோளாறு என்னன்னு நான் பாத்துட்டுச் சொல்றேன் மாமா" என்றாள் அவள்.

சொல்லிவிட்டு வந்தாளே தவிர, ஊர் தேடுவது எப்படி என்று அவளுக்கு என்ன தெரியும்? மறுநாள் மகளின் போனை வாங்கி, கேள்விப்பட்ட கடற்கரை ஊர்களுக்கெல்லாம் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இப்ப அங்க கூட்டம் எப்படிங்க?"

"செம கூட்டம் மேடம்! இப்பவே புக் பண்ணலன்னா ரூம் கிடைக்காது" என்று பெருமையாகப் பதில் வரும். "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி வைத்துவிடுவாள். அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்றே புரிந்திருக்காது.

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாவது நாள் மகள், ஊர்களைப் பற்றிப் போய்வந்தவர்கள் எழுதி வைத்திருக்கும் கருத்துகளைப் போனில் எடுத்துக் கொடுத்தாள். ஐந்து ஸ்டார் வாங்கிய இடங்களை எல்லாம் அவள் விரலால் தள்ளிவிட்டாள்.

"அம்மா, எல்லாரும் பாராட்டினதைத்தான் படிப்பாங்க. நீ ஏன் திட்டினதையே தேடித் தேடிப் படிக்கிறே?"

"பாராட்டின இடத்துக்குத்தான் எல்லாரும் போயிடறாங்களேடி."

திட்டிலும் பல ரகம் இருந்தது. அழுக்கு என்று திட்டியிருந்தால் விட்டுவிட்டாள். ஏமாற்றுகிறார்கள் என்று திட்டியிருந்தாலும் விட்டுவிட்டாள். கடைசியில் ஒரு சின்னக் கடற்கரை ஊரைப் பற்றி ஒரு மனுஷர் ஒரே ஒரு ஸ்டார் போட்டு, வயிறெரிந்து எழுதியிருந்தது கண்ணில் பட்டது. "இங்கே ஒன்றுமே இல்லை. கடல் இருக்கிறது, மணல் இருக்கிறது, குளிர்காலத்தில்கூட வெயில் கொளுத்துகிறது. இருட்டியதும் கடையைச் சாத்திவிடுகிறார்கள். தெருநாய்கூடக் குரைக்காமல் தூங்குகிறது. என் விடுமுறை பாழ்."

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இதான்! இதான் நம்ம ஊர்!"

அந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு லாட்ஜ். போனை எடுத்தது ஒரு பெண் குரல்.

"ரூம் வேணுமா? எங்க ஊர்லயா?" அந்தம்மாவுக்கே நம்பிக்கை வரவில்லை. "வேலையா வரீங்களா?"

"இல்லீங்க, லீவுக்கு."

"அம்மா, இப்பவே சொல்லிடறேன். இங்க பாக்கறதுக்கு ஒண்ணும் கிடையாது. வந்துட்டு அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது. ஒருத்தர் வந்துட்டுப் போய்க் கன்னாபின்னான்னு எழுதிப் போட்டுட்டாரு."

"அதைப் படிச்சுட்டுத்தான் கூப்பிடறேன்."

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றாள் அவள். "காலைல குழாயைத் திறந்தா தண்ணி எப்படி இருக்கும்?"

"இருங்க, லைன்லயே இருங்க." செருப்புச் சத்தம் தூரத்தில் போனது. குழாய் கொட்டும் சத்தம் கேட்டது. செருப்பு திரும்பி வந்தது. "வெதுவெதுன்னு இருக்கும்மா. துணி துவைச்சுக் காயப்போட்டா, டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள மொறுமொறுன்னு ஆயிடும்."

அந்த வாரமே மறுபடி மாடியில் கூடினார்கள். அவள் ஊர்ப் பேரைச் சொன்னதும் பெரியவர் நெற்றியைச் சுருக்கினார்.

"மேப்ல இருக்கா?"

"இருக்கு மாமா. கொஞ்சம் பெருசாக்கினா தெரியும்."

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல மாமா. விசாரிச்சுட்டேன்."

பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். பனிமலைக்குப் பஸ் பேசியாகிவிட்டது, அவர் பின்வாங்க மாட்டார். தம்பி பக்கம் திரும்பினார். "என்னடா, உன் வீட்டுக்காரி தனியா போறாளாம். நீ என்ன சொல்றே?"

மெக்கானிக் கையில் டம்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "சரிண்ணே" என்ற வார்த்தை வரப் போகிறது என்று அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். எத்தனையோ தடவை கேட்ட வார்த்தைதானே.

"தனியா இல்லண்ணே" என்றார் அவர். "நானும்தான் போறேன்."

சொன்ன வேகத்தில் தானே பயந்துபோய், காலியான டம்ளரை வாயில் வைத்து மடக்கென்று குடித்தார். அவளுக்கு எழுந்து கூத்தாட வேண்டும் போல இருந்தது. மூத்தவர்கள் முன்னால் என்பதால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

ரயிலில் கிளம்பி, விடிந்ததும் இறங்கி, ஒரு பஸ்ஸைப் பிடித்தார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் இறங்கிக்கொண்டே இருந்தது, ஏறத்தான் யாரும் இல்லை. ஸ்வெட்டரை முதலில் மகள் கழற்றினாள், பிறகு அவர், கடைசியில் அவள். பஸ்ஸில் இவர்கள் மூன்று பேர் மட்டும் மிஞ்சியபோது கண்டக்டர் பக்கத்தில் வந்து குனிந்தார். "இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டீங்களா?"

லாட்ஜ்காரம்மா துடைப்பமும் கையுமாக வாசலில் நின்றிருந்தாள். குட்டையான, கணீரென்ற குரல்காரி. "நிஜமாவே வந்துட்டீங்களா!" என்று துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுப் பைகளை வாங்கினாள். எந்த அறை வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்றாள். எல்லா அறையும் காலி.

ஆனால் அன்று சாயங்காலம் மகள் ஊரைச் சுற்றிப் பார்த்து வருகிறேன் என்று கிளம்பி, செருப்புச் சூடு ஆறுவதற்குள் திரும்பி வந்தாள். "அம்மா, ஊர் முடிஞ்சு போச்சு." போனில் சிக்னலும் சரியாக இல்லை. மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தார். சொன்னபடியே கடை சாத்தினார்கள், சொன்னபடியே நாய் தூங்கியது. ஒரு கிறுக்குத்தனத்துக்காக இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டோமோ என்று அவள் கையைப் பிசைந்தாள்.

காலையில் கண் விழித்தபோது ஜன்னல் வழியாக வெயில் கட்டில் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது. பின்பக்கக் கதவைத் திறந்தாள். வெள்ளையடித்த சுவர் ஒன்று, அதில் காலை வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. சுவரில் உள்ளங்கைகளை விரித்து வைத்தாள். சுடவில்லை. அடுப்பில் இருந்து இறக்கி ஆறிய பாத்திரம் மாதிரி இதமாக இருந்தது. நெற்றியையும் வைத்தாள். கன்னத்தையும் வைத்தாள். சுவரைக் கட்டிக்கொண்டு நிற்கும் அவளைப் பார்த்து, பல் தேய்த்தபடி வந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இங்க பாருடி" என்று கையை நீட்டினாள் அவள். விரல் நுனிகள் சிவந்திருந்தன. மகள் அந்த விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். பிறகு தானும் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு கடற்கரைக்குப் போனார்கள். கரை உள்வாங்கி வளைந்து, வெளியே பாறைகள் அலையைத் தடுத்துவிடுவதால், உள்ளே தண்ணீர் பெரிய தாம்பாளத்தில் ஊற்றி வைத்தது மாதிரி அசையாமல் கிடந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மனுஷ வாடையே இல்லை. மெக்கானிக் வழக்கம்போலப் பைகளைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். எடுத்துக்கொண்டு ஓட ஒரு ஈ, காக்கைகூட இல்லை. பைகளை மெதுவாக மணலில் விட்டார். சட்டையைக் கழற்றி அவற்றின் மேல் போட்டார். நடந்து தண்ணீருக்குள் போனார், இடுப்பளவு, மார்பளவு, அப்புறம் பொசுக்கென்று காணோம்.

"என்னங்க!" என்று அவள் அலறிவிட்டாள்.

எங்கேயோ தூரத்தில் தலை எழும்பியது. அவர் நீந்திக்கொண்டிருந்தார். கை மாற்றிக் கை போட்டு, மீன் மாதிரி, வளைந்து திரும்பி, மல்லாந்து, குப்புற, ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாமல். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனுஷரை அவள் முதல் தடவையாகப் பார்ப்பது போல வாயைப் பிளந்து பார்த்தாள்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" அவர் கரைக்கு வந்ததும் கேட்டாள், கோபமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பள்ளிக்கூடத்துல மெடல் வாங்கியிருக்கேன்."

"எத்தனை கடற்கரைக்குப் போயிருக்கோம்! ஒரு தடவையாவது இறங்கினீங்களா?"

அவர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். "பையை யாரு பாத்துக்கறது?"

அவள் மணலில் கிடந்த பைகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். மகள் கைதட்டிக் குதித்தாள். "அப்பா, எனக்கும் சொல்லிக் குடுங்க! அம்மாவுக்கும்!"

அன்று முதல் காலையும் மாலையும் இதே வேலை. மகளுடைய பேன்ட்டையும் முழுக்கைச் சட்டையையும் போட்டுக்கொண்டு அவள் தண்ணீரில் இறங்கினாள். மகள் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். அம்மாக்காரிக்குத்தான் வரவில்லை. பயத்தில் காலை உதைத்துத் தண்ணீரைக் குடித்து, உப்புக் கரிக்க இருமினாள். "பெட்டி தூக்கற மாதிரி உடம்பை இறுக்காதே. விட்டுடு. தண்ணி பாத்துக்கும்" என்று அவர் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துப் பிடித்திருந்தார். வீட்டில் ஒரு மாதத்தில் பேசும் பேச்சை அவர் அங்கே ஒரே காலையில் பேசினார். ஒரு நாள் வானத்தைப் பார்த்தபடி, "கையை எடுத்துடாதீங்க" என்றாள். "எடுத்து ரொம்ப நேரமாச்சு" என்ற குரல் எங்கிருந்தோ கேட்டது. அவள் மிதந்துகொண்டிருந்தாள். காதுக்குள் கடல், கண்ணுக்குள் வெயில். அடுக்க வேண்டிய பெட்டி ஒன்றுகூட இல்லாத ஒரு காலை.

அன்று மத்தியானம் லாட்ஜில் இருந்தபோது பெரியவரின் போன் வந்தது. சிக்னலுக்காக மொட்டைமாடிக்கு ஓடி ஏறினாள். மூக்கடைத்த குரலில் அவர் பேசினார். மலையடிவாரத்தில் வண்டிகள் வரிசை கட்டி நின்று, பஸ்ஸிலேயே ஒரு ராத்திரி கழிந்ததாம். மேலே ஏறிப் போனால் பனியைவிட ஆள்தான் அதிகமாம். இருந்த பனியும் மிதிபட்டுச் சேறாகிவிட்டதாம். அக்காவுக்குத் தலைவலி, இவருக்கு ஜலதோஷம்.

"அங்க எப்படிம்மா?"

ஆயிரம் பதில் நாக்கு நுனிக்கு வந்தது. அவள் எல்லாவற்றையும் விழுங்கினாள். "நல்லா இருக்கு மாமா. வெயிலா இருக்கு."

கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "ரூம் ஏதாவது காலியா இருக்குமா?"

"விசாரிச்சுச் சொல்றேன் மாமா" என்று சிரிப்பைக் காட்டாமல் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த லாட்ஜ்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

மூன்றாம் நாள் மதியம் பஸ்ஸில் இருந்து பெரியவரும் அக்காவும் மட்டும் இறங்கினார்கள். சால்வையைக் கழற்றி, குல்லாயைக் கழற்றி, பெரியவர் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பழக்க தோஷம் விடுமா? "நாளைக்குக் காலைல எல்லாரும் சீக்கிரம் ரெடியாயிடணும். முதல்ல எங்க போறோம்?"

"எங்கயும் இல்ல மாமா. இங்க புரோகிராமே கிடையாது. தூக்கம் வந்தா தூங்குங்க."

அவர் நம்பாமல் பார்த்தார். ஆனால் மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் பகலில் தூங்கித் தான் பார்த்ததில்லை என்று அக்கா அதிசயப்பட்டாள். எழுந்து வந்து, நாற்காலியைக் கடலைப் பார்த்துப் போட்டு, டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மூக்கடைப்பு விட்டிருந்தது.

"ஏம்மா சின்னவளே" என்றார், கடலைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "அடுத்த வருஷமும் நீயே பாத்துச் சொல்லிடு."

"சரி மாமா" என்றாள். பக்கத்தில் நின்ற மெக்கானிக் அண்ணனுக்குத் தெரியாமல் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் கண்ணடிப்பார் என்பதும் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஊர் திரும்ப வேண்டிய நாள் காலையில், வளைந்த கரைக்குள் யாரோ ஒரு மீன்காரர் நீலநிறப் படகு ஒன்றை நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டுப் போயிருந்தார். கால் நிலை கொள்ளாத ஆழத்தில், தொட்டுவிடலாம் போலவும், முடியாது போலவும் ஒரு தூரத்தில் அது ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள். யாரிடமும் கேட்காமல் தண்ணீரில் இறங்கினாள்.

"அதுவரைக்குமா?" என்று பின்னாலேயே இறங்கினார் மெக்கானிக். "சரி. நான் பக்கத்துலயே வரேன். தொட மாட்டேன்."

அவளுடைய நீச்சலைப் பார்த்தால் மெடல் யாரும் தரமாட்டார்கள். தலையைத் தூக்கிக்கொண்டு, வாயால் ஊதிக்கொண்டு, காலும் கையும் ஆளுக்கொரு பக்கம் போக, தண்ணீரோடு சண்டை போடுகிற மாதிரிதான் போனாள். பாதி வழியில் மூச்சு வாங்கியது. மல்லாந்து கொஞ்ச நேரம் மிதந்தாள். திரும்பிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் குப்புறத் திரும்பி மறுபடி கையை வீசினாள். கரையில் மகள் கத்துவது கேட்டது. அக்கா கத்துவது கேட்டது. எல்லாரையும் மிஞ்சிக்கொண்டு பெரியவரின் குரல் கேட்டது. "விடாதே! விடாதேம்மா! இன்னும் கொஞ்சம்தான்!"

விரல்கள் மரத்தைத் தொட்டன. வெயிலில் காய்ந்த, சொரசொரப்பான, சூடான மரம். படகின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, அவள் கரையைத் திரும்பிப் பார்த்தாள். லாட்ஜ்காரம்மாகூட எப்போது வந்தாளோ, துடைப்பத்தைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர் வேட்டியும் செருப்புமாக முழங்கால் தண்ணீரில் நின்று கைதட்டினார்.

"அம்மா! வா! பஸ்ஸுக்கு நேரமாச்சு!" என்று மகள் கூப்பிட்டாள்.

"வரேன், வரேன்" என்று கத்தினாள் அவள். ஆனால் படகை விடவில்லை.